நாலு ஒண்ணு ஏழு எட்டு ஆறு மூணு

…ஆறு மூணு என்றுதான் வேன் டிரைவர் சொன்னான், அதில் சந்தேகமே இல்லை, காதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை, கவலையெல்லாம் கண்ணைப் பற்றித்தான், அன்றைக்குக் கண் எங்கே போயிருந்தது, இரும்புலியூர் நிறுத்தத்தில் பேருந்தை விட்டு இறங்கி சர்வீஸ் ரோட்டில் நடக்கத் தொடங்கியபோது கோகிலவாணி பதினோராவது நாளாக இதைத் தன்னிடமே கேட்டுக்கொண்டாள், பதினோரு நாளாக ஒரே பதில்தான் வருகிறது, தெரியவில்லை, தெரியவில்லை… சோறு வடிக்கும்போது நாலு ஒண்ணு ஏழு எட்டு ஆறு மூணு, தலை வாரும்போது நாலு ஒண்ணு ஏழு எட்டு ஆறு மூணு, கட்டின புருஷனின் செல்போன் எண்ணைக் கேட்டால் திருதிருவென்று முழிப்பாள், இந்த ஆறு எண்களை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இன்றைக்குப் பத்து மணிக்கு விசாரணை அதிகாரி வருகிறார். ஒரே ஒரு கேள்விதான் இருக்குமாம், மேனேஜர் சாம்பசிவன் நேற்று சாயங்காலமே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், "எதுக்கும்மா முகத்த இப்படி வெச்சிருக்கீங்க? நம்பர் டேலி ஆச்சான்னு கேப்பாரு, ஆச்சு சார்னு சொல்லுங்க, ரிஜிஸ்டர்ல அதானே இருக்கு? அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்." ஆமாம், ரிஜிஸ்டரில் அதுதான் இருக்கிறது, அவள் கைப்பட எழுதிய எண், பக்கத்தில் டிக், அதன் பக்கத்தில் அவள் கையெழுத்து, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள், அடித்தல் திருத்தல் இல்லாமல் அவ்வளவு அழகாக இருக்கிறது.

மருந்துக் கோடவுனில் வேலை என்றால் ஆட்கள் பெரிதாக நினைத்துக்கொள்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவள் உடனே தைராய்டுக்கு என்ன சாப்பிடலாம் என்று ஆரம்பித்துவிடுவாள், அவளுக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும், அவளுக்குத் தெரிந்தது ஒரு நீலப் பிளாஸ்டிக் பட்டை, சீல் என்பார்கள், அதில் ஆறு எண்கள். படப்பையில் பெட்டிகளை ஏற்றியதும் வேன் கதவில் அதை மாட்டி இழுத்துவிடுவார்கள், பிறகு வெட்டினால்தான் கதவு திறக்கும், வெட்டினதை எந்தப் பசையாலும் ஒட்ட முடியாது, அங்கே மாட்டிய எண்ணே இங்கே வந்து நின்றால் வழியில் யாரும் கை வைக்கவில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்துச் சொல்லத்தான் அவள், ஆறு வருடமாகப் பார்த்துச் சொல்கிறாள். விதிப்படி, கதவில் இருக்கிற எண்ணை அவள் வாய்விட்டுப் படிக்க வேண்டும், வேன் டிரைவர் தினகரன் கையிலிருக்கும் தாளில் அதே எண் இருக்கிறதா என்று அவன் பார்க்க வேண்டும், தாளை அவள் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது. முதல் வருடம் அப்படித்தான் நடந்தது. அப்புறம் எப்போது தலைகீழானது? சந்து குறுகலானது, வேன் நின்றால் பின்னால் பள்ளிக்கூட ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தே கொன்றுவிடுவார்கள், அவளுக்கும் வெள்ளெழுத்து வந்துவிட்டது, ஒவ்வொரு எண்ணாக உற்றுப் பார்த்துப் படிப்பதற்குள் தினகரன் பொறுமை இழந்து, "யக்கா, நான் படிச்சுக்கினே வரேன், நீ அப்டியே பாத்து சரின்னு சொல்லு, ரெண்டும் ஒண்ணுதானக்கா" என்றான். நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவன் தாளைப் பார்த்துப் படிப்பான், அவள் கதவைப் பார்த்துச் சரி என்பாள், பட்டையை வெட்டுவாள், அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பார்த்துவிட்டுச் சொல்வதும் கேட்டுவிட்டுப் பார்ப்பதும் ஒன்றுதானா என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மழை, சாதாரண மழையா அது, பீர்க்கன்கரணை ஏரி நிரம்பி அவள் தெருமுனை வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது, புடவையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள், எட்டரைக்கு வர வேண்டிய வேன் ஒன்பதே காலுக்கு வந்தது. "வண்டலூராண்ட ஒரே தண்ணிக்கா, வண்டி நவுரவே இல்ல, செம பேஜாரா பூட்ச்சு." இதைச் சொல்லும்போது அவன் முகம் எப்படி இருந்தது? மழையில் நனைந்த முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது, போன தீபாவளிக்குத் தன் வீட்டு அதிரசத்தைத் தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுத்த முகம், அதில் போய் என்ன கண்டுபிடிப்பது… குடையை ஒரு கையில் பிடித்து அவன் தாள் நனையாமல் பார்த்துக்கொண்டாள், அதுகூட ஞாபகம் இருக்கிறது, தாளுக்குக் குடை பிடித்தாளே தவிர தன் கண்ணாடிக்குப் பிடிக்கவில்லை, கண்ணாடி முழுக்க நீர், கதவு ஒரு வெள்ளைத் திரையாகத் தெரிந்தது, அதன் நடுவில் ஒரு நீலக் கோடு. அவன் படித்தான், ஆறு மூணு என்று முடித்தான், அவள் சரி என்றாள். அப்புறம்தான் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். முதலில் சரி, அப்புறம் துடைத்தது, இந்த வரிசையை எத்தனை முறை மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டாள், துடைத்துவிட்டுச் சரி சொன்னதாக, துடைத்துக்கொண்டே சொன்னதாக… மாற மாட்டேன் என்கிறது. துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டபோது பட்டை வெட்டுப்பட்டு அவள் கையில் இருந்தது, எண்ணைப் பார்த்தாளா, பார்த்திருக்கலாம், எதற்குப் பார்க்க வேண்டும், அதுதான் சரி என்று சொல்லியாகிவிட்டதே.

இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு மருத்துவமனையில் ஒரு நர்ஸ் ஊசி மருந்துப் பாட்டிலில் தண்ணீர் விட்டுக் குலுக்கியிருக்கிறாள், பொடி கரையாமல் அடியில் கட்டி கட்டியாக நின்றிருக்கிறது, நல்ல பெண், பெட்டியின் மேலிருந்த குறியீட்டை போனில் பிடித்துப் பார்த்திருக்கிறாள், இந்தப் பெட்டி வேறொரு ஊரில் ஏற்கெனவே பிரித்தாகிவிட்டது என்று காட்டியதாம். அசலை எடுத்துவிட்டு வைத்த போலி, எழுத்துக்கு எழுத்து நகல். கோடவுனில் ஸ்கேன் செய்தபோது இயந்திரம் சந்தோஷமாகப் பச்சை விளக்கு காட்டியிருக்கிறது, நகலுக்கும் அசலுக்கும் அதற்கு எங்கே வித்தியாசம் தெரியும். இரண்டு பெட்டிகள், அதில் முப்பத்திரண்டு பாட்டில்கள் அதற்குள் செலவாகிவிட்டன, யாருக்குப் போட்டார்கள் என்று கேட்டதற்கு சாம்பசிவன் சார், "அது ஹாஸ்பிடல் விஷயம், நமக்கு எதுக்கு" என்றார். முப்பத்திரண்டு. ஒரே ஆளுக்கா, பத்துப் பேருக்கா, காய்ச்சல் இறங்காமல் கிடந்தது யார், வயதானவரா, குழந்தையா… வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம். அப்புறம் கணக்கு மிகச் சுலபமாக இருந்தது எல்லோருக்கும், வேன் சீல் எண் ஒத்துப்போனது, கோகிலவாணியின் கையெழுத்து இருக்கிறது, ஆகவே வழியில் ஒன்றும் நடக்கவில்லை, ஆகவே நடந்தது கோடவுனுக்குள், கோடவுன் சாவி யாரிடம், ஸ்டோர்கீப்பர் அரிகிருஷ்ணனிடம். பதினோரு நாளைக்கு முன்னால் மத்தியானச் சாப்பாட்டின்போது போலீஸ்காரர்கள் வந்து அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள், தயிர்சாதம் பாதி டப்பாவில் அப்படியே இருந்தது, அவள்தான் கழுவி வைத்தாள்.

அரிகிருஷ்ணனை அவளுக்குப் பிடிக்காது, இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், வாயைத் திறந்தால் இந்தக் கோடவுன் நிற்கிற இடமே எங்க தாத்தாவுது என்று தொடங்கும் ஆள், அப்படியானால் இங்கே வந்து ஏன் சாவி பிடிக்கிறாய் என்று எல்லோருக்கும் கேட்கத் தோன்றும், கேட்டதில்லை. பத்து நிமிடம் தாமதமாக வந்தால் ஊருக்கே கேட்கும்படி, "இன்னாமா, மணி இன்னா ஆவுது, வூட்ல கொழம்பு கொதிச்சு முடிச்சுதா?" என்பார், ஒருமுறை சாம்பசிவன் சாரிடம் எழுதியே கொடுத்துவிட்டார், இந்த மாதம் நாலு நாள் லேட் என்று, தேதி போட்டு. அவரை ஜீப்பில் ஏற்றியபோது அவள் நெஞ்சில் ஓர் ஓரத்தில், ஒரு நொடி, ஒரு நொடிதான்… அட, இப்போது பேசு பார்ப்போம் என்று இருந்ததா இல்லையா? இருந்தது. அந்த ஒரு நொடியை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. அந்த மனிதர் ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து எல்லோரையும் விட்டுவிட்டு அவளைப் பார்த்துத்தான் சொன்னார், "ஏம்மா, சீல நீதானே பாத்த? சரியாதானே இருந்துச்சு?" கெஞ்சலாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார், அவளைப் போலவே அவரும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துக் குழம்பிப் போயிருந்தார், அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் சொல்லலாம், பத்து மணிக்கு, சார், நான் பார்க்கவில்லை, பார்க்காமலே சரி என்று சொன்னேன். அப்புறம்? அப்புறம் அவளைக் கேட்பார்கள், எவ்வளவு வாங்கினாய் என்று கேட்பார்கள், தினகரனும் நீயும் கூட்டா என்பார்கள், வேலை போகும், போனால் போகட்டும் என்று சொல்ல வாய் வருகிறதா, புருஷன் குமரேசனுக்கு ஒரகடத்துக் கம்பெனியில் வேலை போய் இரண்டு வருடம் ஆகிறது, மனுஷன் காலையில் குளித்து இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு செய்தித்தாளோடு உட்கார்ந்துவிடுகிறார், இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டால் உடனே கிளம்ப வேண்டுமாம், யார் கூப்பிடப்போகிறார்கள், ஐம்பத்து மூன்று வயதில்… இன்று காலையில் அவரிடம் சொல்லத்தான் நினைத்தாள், இட்லியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள், அவர் தாளைவிட்டுத் தலையைத் தூக்காமல், "உன் வேலை ஒண்ணுதான் இப்போ நம்மள மனுஷங்களா வெச்சிருக்கு" என்றார், எதைப் படித்துவிட்டு அதைச் சொன்னாரோ தெரியாது. சட்னி வேண்டுமா என்று கேட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

கோடவுன் வாசலில் வாட்ச்மேன் நாற்காலி காலியாக இருந்தது, டீக்குப் போயிருப்பான். உள்ளே போய் விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது அந்தச் சாக்குமூட்டைதான், வெட்டின சீல்களையெல்லாம் போட்டு வைக்கும் மூட்டை, மூன்று மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று விதி, யார் வைத்தார்கள், மூட்டை நிறைந்ததும் காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம், இன்று அவர் வருகிற நாள். விசாரணைக்கு வந்த ஒருவர்கூட அந்த மூட்டையைத் திரும்பிப் பார்க்கவில்லை, ரிஜிஸ்டர் இருக்கும்போது குப்பையை யார் கிளறுவார்கள். ஆனால் அவள் ஒவ்வொரு நாளின் சீல்களையும் ரப்பர் பேண்டு போட்டு, தேதி எழுதிய துண்டுச்சீட்டைச் செருகித்தான் மூட்டையில் போடுவாள், யாரும் சொல்லிச் செய்ததில்லை, அது அவளுடைய கிறுக்கு, அரிகிருஷ்ணன்கூட அதைக் கேலி செய்திருக்கிறார். பதினோரு நாளாக இந்த மூட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தாள், தொடவில்லை. இன்றைக்கு விட்டால் கிடையாது. தரையில் உட்கார்ந்து கொட்டினாள், நீலமாகச் சிதறியது, தேடத் தேட வேறு நாட்கள்தான் வந்தன, எட்டரை மணி ஆவதற்குள் அந்தச் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது, மழையில் மை கலங்கிய சீட்டு, அதற்குள் ஒரே ஒரு பட்டை, அந்த மழையில் வேறு வேன் வரவில்லை.

ஆறு மூணு. கண்ணாடியை நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் பார்த்தாள், ஆறு மூணு என்றே இருந்தது, அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள், சரியாகத்தான் இருந்திருக்கிறது, பார்க்காமல் சொன்னாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள், அவளால் யாரும் உள்ளே போகவில்லை… மறுபடி பார்த்தாள். புள்ளி புள்ளியாக அச்சிட்ட எண்கள், அதில் பாதிப் புள்ளி தேய்ந்துபோயிருந்தது, கடைசி எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு அதற்கு முந்தையதை மட்டும் பார்த்தாள், ஆறு, இல்லை, மூன்றா, ஆறு என்று நினைத்தால் ஆறாக இருக்கிறது, மூன்று என்று நினைத்தால் ஒரு கணம் மூன்றாக நின்றுவிட்டு அதுவே மறுபடி ஆறாகிவிடுகிறது. பட்டையைத் தலைகீழாகப் பிடித்தாள், வலமிருந்து இடமாகப் படித்தாள், கண்ணை மூடித் திறந்தாள், எப்படிப் பார்த்தாலும் பார்ப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே மண்டைக்குள் தினகரன் படித்துக்கொண்டிருந்தான், நாலு ஒண்ணு ஏழு எட்டு ஆறு மூணு என்று, அவன் சொன்னதைத்தான் கண் எடுத்துக்கொடுத்தது. இந்த உலகத்தில் இந்தப் பட்டையைப் படிக்கத் தகுதியே இல்லாத ஒரே ஆள் அவள்தான் என்று தோன்றியது.

"ஆன்ட்டி…"

வாசலில் ஒரு பெண் நின்றாள், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டு, கல்லூரி அடையாள அட்டை கழுத்தில், தமிழினி, அரிகிருஷ்ணனின் மகள், போன ஆயுதபூஜைக்குப் பொரி பொட்டலம் கட்டிக் கொடுத்தவள், அப்போது கன்னம் இப்படி ஒட்டியிருக்கவில்லை. "அப்பாவோட படிக்கிற கண்ணாடி டேபிள் டிராயர்ல இருக்காம் ஆன்ட்டி, ஏதோ பேப்பர்ல சைன் பண்ணச் சொல்றாங்களாம், படிக்காம போட மாட்டேன்னு சொல்றாரு, அதான்." படிக்காமல் போட மாட்டாராம். கோகிலவாணி எழுந்துபோய் டிராயரைத் திறந்து, கறுப்பு உறையோடு கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள், வேறு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, சாப்பிட்டியா என்று கேட்டாள், அந்தப் பெண், "அப்பா எடுத்திருக்க மாட்டாருல்ல ஆன்ட்டி? நீங்க கூடவே வேலை பாத்தவங்க, அதான் கேக்குறேன்" என்றாள், தரையில் சிதறிக் கிடந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு, அதிகாரியிடம் அப்புறம் சொல்லலாம், முதலில் இந்தப் பெண்ணிடம்… என்னவென்று சொல்வது, தெரியவில்லை என்றா? அப்போதுதான் தோன்றியது, இவளுக்கு எண் தெரியாது. தினகரன் இவள் காதில் படித்ததில்லை.

"உனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்ல? இதுல என்ன நம்பர் போட்டிருக்கு, ஒவ்வொண்ணா படி, மெதுவா." பட்டையை அவள் கையில் வைத்துவிட்டு, தான் அதைப் பார்க்காமலிருக்கச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள், விதி சொல்கிறபடி, ஆறு வருடத்துக்கு முன்னால் செய்தபடி ஒருத்தி படிக்க வேண்டும், ஒருத்தி கேட்க வேண்டும், முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள், கேள், காதைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்…

"நாலு… ஒண்ணு… ஏழு… எட்டு…" அந்தப் பெண் நிறுத்திவிட்டு, விளக்கு வெளிச்சத்துக்குக் கொஞ்சம் நகர்ந்தாள், "மூணு, ஆறு."

"சரி" என்றாள் கோகிலவாணி.

வாய் மூடிய பிறகுதான் காதில் விழுந்தது, மூணு ஆறு, மூணு ஆறு என்றல்லவா சொன்னாள், ஆறு மூணு இல்லையே, கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கிறதே, அப்படியானால் கதவில் இருந்தது வேறு சீல், அப்படியானால் வேன் வழியில் திறந்திருக்கிறது, அப்படியானால் அந்த மனிதர்… இதற்கு எப்படிச் சரி என்று சொன்னாள்? யார் சொன்னது? இத்தனை நேரம் அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றவள், எண் முடிந்ததும் சரி என்று எப்படி வந்தது வாயிலிருந்து? வெளியே சந்தில் ஹாரன் கேட்டது, இன்றைய வேன் வந்துவிட்டது, கதவைத் தட்டித் தினகரன், "யக்கா, வா வா, பின்னால ஆட்டோ கீது" என்று கூப்பிட்டான், அதைக் கேட்டதும் கால் தானாகவே வாசலை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தது. அந்த மழை நாளை மட்டுமே பதினோரு நாளாகக் குடைந்துகொண்டிருந்தாளே, மற்ற நாட்கள்? வெயில் அடித்த நாட்கள், கண்ணாடி துடைத்திருந்த நாட்கள், ஆறு வருடத்தில் ஒரு வேன், ஏதாவது ஒரே ஒரு வேனின் எண்ணைக் கண்ணால் பார்த்தது நினைவுக்கு வருகிறதா என்று தேடினாள், குரல் வந்தது, ஹாரன் வந்தது, தன் சரி வந்தது, ஓர் எண்கூட வரவில்லை. தமிழினி பட்டையை இன்னும் வெளிச்சத்தில் பிடித்தபடியே நின்றாள். "இது என்ன நம்பர் ஆன்ட்டி?"